இடம் மாறும் துண்டுகள்

பத்து அங்குல நீளமான ஒரு கோட்டை மூன்று அங்குலமும் ஏழு அங்குலமுமாக வெட்டி, முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றி வைத்தால், கோட்டின் நீளம் மாறுவதில்லை. ஆயினும் அதன் மேலுள்ள ஒவ்வொரு புள்ளியும் புதிய இடத்தை அடைகின்றது. இவ்விதியையே திரும்பத் திரும்பப் பிரயோகித்தால், பத்தாவது முறையில் எப்புள்ளியும் தான் புறப்பட்ட இடத்துக்கே மீளும். துண்டுகளின் விகிதம், சதுரமொன்றின் பக்கத்துக்கும் மூலைவிட்டத்துக்கும் உள்ள விகிதம்போல விகிதமுறாததாயின், புள்ளி ஒருபோதும் மீளாது. கோட்டின் மிகச் சிறிய பகுதியையும் அது எட்டிப் பார்க்காமல் விடாது. அதுமட்டுமன்று, நெடுங்காலத்தில் ஒவ்வொரு பகுதியிலும் அதனதன் நீளத்துக்கேற்ற பங்கு நேரமே தங்கும். இவ்வுண்மையை 1909, 1910 ஆம் ஆண்டுகளில் போல், சியர்பின்ஸ்கி, வைல் ஆகிய மூவரும் தனித்தனியே நிறுவினர்.

துண்டுகள் இரண்டுக்கு மேற்பட்டால் என்ன நிகழும்? இவ்வினா வெறும் விளையாட்டன்று. கோணங்கள் விகிதமுறு பாகைகளாக அமைந்த பலகோண மேசையில் உருண்டு, சுவரிற் பட்டுப் பட்டுத் திரும்பும் பந்தின் பாதையை ஆராய முற்பட்டால், அவ்வாராய்ச்சி இத்தகைய ஆயிடை மாற்றத்திலேயே வந்து முடியும். சோவியத் நாட்டுக் கணித அறிஞரான ஒசெலெடெட்ஸ் 1966 ஆம் ஆண்டிலும், கட்டோக், ஸ்தெப்பின் என்போர் 1967 ஆம் ஆண்டிலும் இத்துறையில் ஆராய்ச்சிகளை வெளியிட்டனர்.

1975 ஆம் ஆண்டில் மைக்கேல் கீன் என்பவர் முக்கியமான தேற்றமொன்றை நிறுவினார். வெட்டுப் புள்ளிகளின் பாதைகள் ஒன்றோடொன்று சந்திக்காமலும் தம்மிடத்துக்கே மீளாமலும் இருப்பின், எப்புள்ளியின் பாதையும் கோடு முழுவதும் செறிந்து பரவும் என்பதே அது. எங்கும் செல்லும் பாதை எப்பகுதிக்கும் உரிய பங்கை அளிக்கும் என்று அடுத்து எதிர்பார்ப்பது இயல்பே. இரண்டு துண்டுகளிலும் மூன்று துண்டுகளிலும் அவ்வாறே நிகழ்கின்றது. ஆயினும் 1976 ஆம் ஆண்டில் கெயின்ஸ், நியூட்டன் ஆகிய இருவரும் ஐந்து துண்டுகளைக் கொண்டு அவ்வெதிர்பார்ப்பைப் பொய்ப்பிக்கும் உதாரணத்தை அமைத்தனர். மறு ஆண்டில் கீனே நான்கு துண்டுகளில் இன்னோர் உதாரணத்தைக் காட்டினார். அங்கே பாதைகள் எங்கும் செல்கின்றன. ஆனால் ஒரு பாதை ஒரு பகுதியில் மிகுதியாகத் தங்க, மற்றொரு பாதை வேறொரு பகுதியில் மிகுதியாகத் தங்குகின்றது. புறப்பட்ட இடத்தைப் பொறுத்துச் சராசரி வேறுபடுகின்றது.

அவ்வாறாயின் விதி எது, விலக்கு எது? நீளங்களை எழுந்தமானமாகத் தெரிந்தால் இத்தகைய பாரபட்சம் ஏற்படுவதற்கான நிகழ்தகவு பூச்சியமே என்று கீன் ஊகித்தார். அதனை நிறுவுவதற்கு வேண்டிய கருவியொன்றை 1979 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஜெரார் றோசி வழங்கினார். மாற்றத்துக்கு முன் கடைசியிலிருக்கும் துண்டையும் மாற்றத்துக்குப் பின் கடைசியில் வரும் துண்டையும் ஒப்பிட்டு, சிறியதன் நீளத்தைப் பெரியதிலிருந்து கழிக்க வேண்டும். எஞ்சிய கோட்டின் மேல் அதே எண்ணிக்கையான துண்டுகளைக் கொண்ட புதிய மாற்றம் பிறக்கும். அதனையும் அவ்வாறே சுருக்கலாம். இரண்டு துண்டுகளுக்கு இம்முறை, பொதுக் காரணிகளுட் பெரியதைக் காண யூக்கிளிட் கையாண்ட கழித்தல் முறையே அன்றி வேறன்று.

1982 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ஹவார்ட் மேசரும் வில்லியம் வீச்சும் ஒருவரையொருவர் சாராது கீனின் ஊகத்தை மெய்ப்பித்தனர். வீச் றோசியின் முறையை வளர்த்துச் சென்றார். மேசரோ வளைபரப்புகளின் வடிவ மாற்றங்களை ஆராயும் வழியிற் சென்றார். இரு வழிகளும் ஒரே முடிவிற் கூடின. கோட்டைத் துண்டாடும் எளிய செயலுக்கும் வளைபரப்புகளின் கேத்திரகணிதத்துக்கும் இடையே இருந்த ஆழ்ந்த உறவு அதனால் வெளிப்பட்டது. 2007 ஆம் ஆண்டில் ஆவிலா, ஃபோர்னி என்போர் வெளியிட்ட தேற்றமும் இவ்வுறவின் பயனே. வெறும் சுழற்சியாகச் சுருங்காத மாற்றங்களுள் ஏறத்தாழ எல்லாமே மெலிந்த அளவிலேனும் புள்ளிகளைக் கலக்கின்றன என அது கூறுகின்றது. முழுக் கலப்பு ஒருபோதும் நிகழாது என்பதை 1980 ஆம் ஆண்டிலேயே கட்டோக் நிறுவியிருந்தார்.

எல்லா இடத்துக்கும் செல்வது வேறு, எல்லா இடத்துக்கும் உரியதை அளிப்பது வேறு என்னும் பேதத்தை நான்கு துண்டுகளாலான ஒரு கோடு உணர்த்திற்று. அப்பேதம் விலக்கு மாத்திரமே என்பதைத் தெளிவுறுத்தக் கணித உலகுக்கு ஐந்து ஆண்டுகள் சென்றன.