நிறவெறி ஆட்சியின் பலிகளை நினைவுகூரல்: தென்னாப்பிரிக்கா

1948-ஆம் ஆண்டில் தேசியக் கட்சி ஆட்சிப்பீடம் ஏறி, அபார்த்தைட் எனப்படும் நிற ஒதுக்கலைச் சட்டத்தின் ஒவ்வோர் ஏட்டிலும் பொறிக்கத் தொடங்கிய நாள்முதல் 1994 தேர்தல் வரையில், தென்னாப்பிரிக்காவில் போலீஸாரின் துப்பாக்கியாலும், சிறைச் சித்திரவதையாலும், தூக்குமரத்தாலும், இரகசியக் கொலைப்படையினராலும் மாண்டவர்களை அவர்தம் சுற்றத்தாரும் ஊராரும், பிற்காலத்தில் அரசாங்கமும் நினைவுகூர்ந்து வரும் வரலாறு இக்கட்டுரையின் பொருளாகும். கொன்றவர் யார், உடல் எங்கே என்னும் இரண்டு வினாக்களுக்கு விடைதேடிக் குடும்பத்தார் நடத்திய நெடிய போராட்டமே இவ்வரலாற்றின் ஜீவநாடி; தூண்களும் கல்வெட்டுகளும் அதன் பின்னே வந்தவை.

ஆப்பிரிக்கர் ஒவ்வொருவரும் எந்நேரமும் அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, சீட்டுகளை வீட்டில் விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சென்று தாமே கைதாகும்படி ராபர்ட் சோபுக்வே தலைமையிலான பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸ் விடுத்த அழைப்பை ஏற்று, 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் காவல் நிலையத்தின்முன் திரண்டிருந்த மக்கள்மீது போலீஸார் சுட்டதில், அரசாங்கக் கணக்கின்படியே 69 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் முதுகில் குண்டு பாய்ந்து விழுந்தவர்கள், அதாவது, ஓடிக்கொண்டிருந்தவர்கள். பெலிண்டாபா இடுகாட்டில் அவர்கள் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டனர். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த சில நாட்களுக்குள் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸும் பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸும் தடைசெய்யப்பட்டன. உள்நாட்டில் அந்நாளை அனுஷ்டிப்பதே அபாயகரமாயிருந்த காலத்தில், 1966-இல் ஐக்கிய நாடுகள் சபை மார்ச் 21-ஐ இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேச தினமாக அறிவித்தது. ஆயினும் அந்தத் தேதியின் சோகம் அவ்வளவில் முடியவில்லை. சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1985-இல் அதே நாளில், யூட்டன்ஹேக் நகரை அடுத்த லாங்கா குடியிருப்பில் சவ அடக்கத்துக்குப் புறப்பட்ட ஊர்வலத்தின்மீது போலீஸார் மீண்டும் சுட்டனர். 1996 டிசம்பர் 10 அன்று நெல்சன் மண்டேலா புதிய அரசியலமைப்பில் ஒப்பமிடுவதற்கு ஷார்ப்வில்லைத் தேர்ந்தது தற்செயலன்று. மார்ச் 21 இன்று அந்நாட்டில் மனித உரிமை தினம்.

கூட்டம் கூடவும், கொடி பிடிக்கவும், பெயர் சொல்லவும் தடையிருந்த தேசத்தில் மக்கள் திரளாக ஒன்றுகூடக் கிடைத்த இடம் பெரும்பாலும் இடுகாடே. 1977 செப்டம்பரில், போலீஸ் காவலில் மாண்ட ஸ்டீவ் பிகோவின் நல்லடக்கத்துக்குக் கிங் வில்லியம்ஸ் டவுனில் ஏறத்தாழ 20,000 பேர் கூடினர். 1985 ஜூன் 27 அன்று கிராடாக் ஊரைச் சேர்ந்த மாத்யூ கோனிவே, ஃபோர்ட் கலாட்டா, ஸ்பாரோ ம்கோன்டோ, சிசெலோ ம்லாவுலி ஆகிய நால்வரும் வழிமறித்துக் கடத்திக் கொல்லப்பட்டு, எரிந்த உடல்களாகக் கண்டெடுக்கப்பட்டபின், ஜூலை 20 அன்று நடந்த சவ ஊர்வலத்தில் தடைசெய்யப்பட்ட இயக்கங்களின் கொடிகள் பகிரங்கமாக உயர்ந்தன. அன்றைக்கே அதிபர் போத்தா நாட்டின் பல மாவட்டங்களில் நெருக்கடி நிலையை அறிவித்தார். அம்மாதம் முடிவதற்குள் ஈமச் சடங்குகளைத் திறந்த வெளியில் நடத்தவும் அவற்றில் அரசியல் பேசவும் கட்டுப்பாடுகள் பிறந்தன. மாண்டவனுக்காக அழுவதையும் ஓர் அரசாங்கம் சட்டத்தால் அளந்து கொடுக்க முற்பட்டது என்பதிலிருந்தே, அந்த அழுகையின் வலிமையை அது எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தது என்பது விளங்கும்.

காவலில் நேர்ந்த மரணங்களின் கதை இன்னும் கொடியது. தெருவில் சுட்டுக் கொன்றதை மறைக்க இயலவில்லை. பூட்டிய அறைக்குள் நிகழ்ந்ததற்கோ போலீஸார் சொன்னதே சாட்சியமாயிற்று. இந்திய வமிசத்தவரான ஆசிரியர் அகமது திமோல், 1971 அக்டோபர் 27 அன்று ஜோஹானஸ்பர்க் ஜான் வோர்ஸ்டர் சதுக்கக் காவல் மாளிகையின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அவர் தாமே குதித்தார் என்று 1972-இல் விசாரணை மாஜிஸ்திரேட் தீர்ப்பளித்தார். ஸ்டீவ் பிகோ, போர்ட் எலிசபெத்தில் விசாரணையின்போது மூளையில் பலத்த காயமுற்று, ஆடையற்ற நிலையில் வண்டியின் பின்புறத்தில் கிடத்தப்பட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் பிரிட்டோரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1977 செப்டம்பர் 12 அன்று மாண்டார். எவரும் பொறுப்பல்லர் என்பதே அங்கும் முடிவு. தொழிற்சங்க வாதியான மருத்துவர் நீல் ஆகெட் 1982 பிப்ரவரியில் அதே ஜான் வோர்ஸ்டர் சதுக்கத்தில் இறந்தபோதும் தற்கொலை என்றே எழுதினார்கள். இக்குடும்பங்களுக்காகப் பல்லாண்டுகள் மன்றங்களில் வாதாடிய ஜார்ஜ் பிசோஸின் பெயர் இங்கே குறிக்கத் தக்கது. திமோலின் சகோதரி மகன் சளைக்காமல் முயன்றதன் பயனாக மறுவிசாரணை திறக்கப்பட்டு, விழுவதற்கு முன்னரே அவர் உடலில் காயங்கள் இருந்தன என்ற மருத்துவ நிபுணர்களின் சாட்சியத்தின்பேரில், 2017 அக்டோபரில் நீதிபதி மோத்லே அது கொலையே எனத் தீர்ப்புரைத்தார். ஆகெட் விஷயத்திலும் 2022-இல் அவ்வாறே தீர்ப்பு மாறியது. ஆனால் திமோல் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் போலீஸ்காரர், வழக்கு நடைபெறுமுன்னரே 2021-இல் இறந்துபோனார். திமோலின் தாயாரோ அந்தத் தீர்ப்பைக் காண உயிரோடில்லை.

1995-ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பெற்று, பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் தலைமையில் இயங்கிய உண்மை நல்லிணக்க ஆணையம், 1960 மார்ச் முதல் 1994 மே வரையிலான கொடுமைகளை ஆராயும் கடமையை ஏற்று, 1996 ஏப்ரல் 15 அன்று ஈஸ்ட் லண்டன் நகர மண்டபத்தில் தன் முதல் அமர்வைத் தொடங்கியது. அவ்வமர்வில் சாட்சி கூறிய ஃபோர்ட் கலாட்டாவின் மனைவி நொமோண்டே, பேச்சின் நடுவே வாய்விட்டு அலறிய அலறல் மண்டபத்தையே நிலைகுலையச் செய்தது. வானொலி வழியே நாடு முழுவதும் அதனைக் கேட்டது. ஏறத்தாழ 21,000 பேரின் வாக்குமூலங்கள் பதிவாயின. ஒரு பெயரும் இல்லாமல் எண்ணிக்கையில் கரைந்துபோயிருந்த மனிதர்கள், தம் தாயும் மனைவியும் தத்தம் சொந்த மொழியில் பேசியதனால் மீண்டும் பெயரும் முகமும் பெற்றனர். ஆணையத்தின் மகத்தான சேவை இதுவே என்பது என் துணிபு. மறுபுறம், முழு உண்மையையும் ஒப்புக்கொள்வோருக்கு மன்னிப்பு என்ற ஏற்பாட்டின்கீழ் 7,112 பேர் விண்ணப்பித்து 849 பேர் மன்னிப்புப் பெற்றனர். மறுக்கப்பட்டோர்மீதும் விண்ணப்பியாதோர்மீதும் வழக்குத் தொடரும் பொருட்டு ஆணையம் ஏறக்குறைய 300 வழக்குகளை அரசு வழக்குத்துறையிடம் ஒப்படைத்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தூசியடைந்து கிடந்தன.

உடலைத் தேடிய கதையில் ஃபிலா ந்த்வாந்த்வேயின் முடிவு தனியே சொல்லத்தக்கது. விடுதலைப் படையைச் சேர்ந்த அந்த இளந்தாயை 1988-இல் ஸ்வாசிலாந்திலிருந்து கடத்திவந்த போலீஸார், காட்டிக்கொடுக்க இணங்காததால் அவரைக் கொன்று புதைத்தனர். கொன்றவர்களின் வாக்குமூலத்தைக்கொண்டு 1997-இல் குழியைத் தோண்டியபோது, ஆடை களையப்பட்ட நிலையிலும் மானத்தைக் காக்க அவர் அணிந்திருந்த நீலப் பிளாஸ்டிக் பை மட்டும் எலும்புகளோடு எஞ்சியிருந்தது. இதைக் கேள்வியுற்ற ஓவியர் ஜூடித் மேசன், நீலப் பைகளையே தைத்து ஓர் ஆடையை உருவாக்கினார். பழைய சிறைச்சாலை இருந்த மனையில், அச்சிறையின் செங்கற்களையும் சேர்த்துக் கட்டப்பட்ட அரசியல் சாசன நீதிமன்றத்தில் அந்தக் கலைப்படைப்பு இன்று இடம்பெற்றிருக்கிறது. 2005 முதல் வழக்குத்துறையின்கீழ் இயங்கும் காணாமற்போனோர் பணிக்குழு, அர்ஜென்டினாவின் தடயவியல் மானிடவியலாளர் துணையுடன் பல குழிகளைக் கண்டறிந்தது. பிரிட்டோரியாவில் தூக்கிலிடப்பட்ட அரசியல் கைதிகளின் உடல்கள் உறவினருக்குத் தரப்படாமல் அநாதைப் புதைகுழிகளில் இடப்பட்டிருந்தன. அவற்றை மீட்டுச் சொந்த ஊர்களில் அடக்கம் செய்யும் திட்டம் 2016-இல் தொடங்கிற்று. ஜிம்பாப்வேயிலும் ஜாம்பியாவிலும் மாண்ட 42 பேரின் எச்சங்கள் 2024 செப்டம்பரில் தாயகம் திரும்பின.

நினைவகங்களைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். 1976 ஜூன் 16 அன்று ஆப்பிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்த மாணவர்மீது சோவெட்டோவில் போலீஸார் சுட்டபோது விழுந்த சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனை மற்றோர் இளைஞன் கைகளில் ஏந்தி ஓடும் காட்சியைச் சாம் ந்சிமா படம்பிடித்தார். அதனை நடுவாகக்கொண்ட அருங்காட்சியகம் 2002-இல் திறக்கப்பட்டது. பிரிட்டோரியாவில் அமைந்த சுதந்திரப் பூங்காவின் பெயர்ச் சுவரில், அடிமைகள் முதல் விடுதலை வீரர் வரை பல்லாயிரவர் இடம்பெற்றனர். நிறவெறி அரசின் படைவீரர் பெயர்களையும் சேர்க்கவேண்டும் என்று எழுந்த கோரிக்கை ஏற்கப்படவில்லை. காத்தவனையும் தாக்கியவனையும் ஒரே சுவரில் எழுதுவது நல்லிணக்கமாகாது என்பதால் அம்முடிவு நியாயமானதே. ஷார்ப்வில்லின் தலங்கள் 2024-இல், புது டில்லியில் கூடிய உலக மரபுரிமைக் குழுவால் மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டன.

கல்லில் காட்டிய சிரத்தையை உயிரோடிருப்பவர்பால் அரசாங்கம் காட்டவில்லை. ஆண்டுதோறும் ஆறாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்குமாறு ஆணையம் பரிந்துரைத்திருந்தும், 2003-இல் கிடைத்தது ஒருமுறை 30,000 ராண்ட் மட்டுமே. அதுவும் ஆணையத்தின் பதிவேட்டில் இடம்பெற்றோருக்கே. பதிவேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்காகப் பாதிக்கப்பட்டோரே 1995-இல் அமைத்த குலுமானி சங்கம் இன்னமும் மன்றாடுகிறது. வழக்குகள் ஏன் முடங்கின என்று கேட்டு 2025 ஜனவரியில் குடும்பங்கள் அதிபர்மீதே வழக்குத் தொடுத்தபின், நீதிபதி சிசி கம்பெபே தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அவ்வாண்டு அக்டோபரில், 1967-இல் ரயிலில் அடிபட்டு இறந்ததாகச் சொல்லப்பட்ட நோபல் பரிசாளர் ஆல்பர்ட் லுத்துலி அடித்துக் கொல்லப்பட்டவரே என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் நீதிமன்றம் கூறியது. கிராடாக் நால்வரைப் பற்றிய முதல் விசாரணை, கொன்றவர் அடையாளம் தெரியாதவர் என்றது. 1994-இல் முடிந்த இரண்டாவது, பொறுப்பைப் பாதுகாப்புப் படையினர்மீது சுமத்தியும் எவர் பெயரையும் சொல்லவில்லை. மூன்றாவது விசாரணை 2025 ஜூனில் தொடங்கியபோது, அக்கொலைக்காக மன்னிப்புக் கோரி 1999-இல் மறுக்கப்பட்ட போலீஸ் அதிகாரிகள் அறுவரும் அதற்காக ஒருநாள்கூடக் குற்றவாளிக் கூண்டில் நிற்காமலே மாண்டு போயிருந்தனர்.