புதரை வெட்டினால் போதுமா?

டென்மார்க்கின் ஹம்மல் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஷோலர், பார்பெர்ரி இலைகளில் படிந்திருந்த துருப் பூஞ்சையை ரை பயிரில் தேய்த்துப் பார்த்தார். பயிருக்கும் நோய் வந்தது. 1818இல் அதை எழுதினார், அறிஞர்கள் ஏற்கவில்லை. புதரை ஒழிக்கும் சட்டம் வந்தது 1903இல்தான்.

நம் ஊரில் புதரை வெட்டிப் பயனில்லை. நீலகிரி, பழனி மலைக் கோதுமையிலேயே தண்டுத் துரு ஆண்டு முழுவதும் தங்கி, காற்றில் வடக்கே பரவுகிறது என்று கே.சி. மேத்தா கண்டறிந்தார். அப்படியானால் விதையைத்தான் மாற்ற வேண்டும். குன்னூரை அடுத்த வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையத்தின் வேலை அதுதான்.

ஆனால் பூஞ்சையும் மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று டென்மார்க்கின் ஃப்ளாக்கபியர்க் மையத்துக்குப் பல நாட்டுத் துரு மாதிரிகள் வருகின்றன. ஆசிரியரை நம்ப 85 ஆண்டுகள் எடுத்த நாடு இது. அடுத்த புது வகைத் துரு அவ்வளவு காலம் காத்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.