மூணாறு பங்கும் மூணு சென்ட்டும்

"மருமவனே, கோவில்பட்டி பைபாஸ் பக்கம் மூணு சென்ட் வருது, வாங்கிப் போடுங்க" என்று மாமாவிடமிருந்து போன். டாலஸில் உட்கார்ந்து மாசாமாசம் இண்டெக்ஸ் ஃபண்டில் பணம் போடுகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? பங்குக்கு வேலி போட வேண்டாம், வரப்புத் தகராறு கிடையாது, நினைத்த அன்றைக்கு விற்கலாம் என்று ஒரு லெக்சர் விட்டேன்.

மாமா சிரித்தார். "பங்கு எங்கிட்டயும் இருக்குல்லா?"

அடங்கிப் போனேன். மாமா முப்பது வருஷம் மூணாறு தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்.

அந்த மலையின் கதை கொஞ்சம் விசித்திரமானது. 1877இல் பூஞ்சாறு ராஜா, ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு கண்ணன் தேவன் மலையை எழுதிக் கொடுத்தார். 227 சதுர மைல். முன்பணம் 5,000 ரூபாய், வருஷத்துக்கு 3,000. சதுர மைலுக்குப் பதிமூணு ரூபாய் சொச்சம்! 1897இல் கம்பெனி வந்தது, பிறகு டாடா வந்தது. காட்டை வெட்டித் தேயிலை வைத்தது பெரும்பாலும் நம்ம பக்கத்துச் சனங்கள்.

1970 ஜனவரி 1 முதல் கேரளாவில் நிலச்சீர்திருத்தம் முழு வேகத்தில் அமலானது. பாலக்காட்டு வயல்களில் குத்தகைக்கு உழுதவர்கள் சொந்தக்காரர்கள் ஆனார்கள். தோட்டங்களுக்கோ உச்சவரம்பிலிருந்து விலக்கு. கொழுந்து கிள்ளியவள் சட்டப்படி குத்தகைக்காரி இல்லை, கூலிக்காரி. அதனால் அவளுக்கு ஒரு சென்ட்டும் இல்லை. 1971இல் தனிச்சட்டம் போட்டு அரசு அந்த மலையை எடுத்துக்கொண்டபோதும், தேயிலை நின்ற நிலம் கம்பெனியிடமே விடப்பட்டது.

தேயிலை விலை படுத்த பிறகு, 2005 ஏப்ரலில் புதுக் கம்பெனி பிறந்தது. பெரும்பான்மைப் பங்குகள் தொழிலாளர்கள், ஊழியர்கள் கையில். பேப்பர்களெல்லாம் புகழ்ந்தன. நானும்தான் ஆபீசில் பெருமையடித்தேன். ஆனால் அது பங்குச் சந்தையில் ஏறாத பங்கு. நான் சொன்ன 'நினைத்த அன்றைக்கு விற்கலாம்' அதற்குப் பொருந்தாது. குடியிருப்பதோ லயம். வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். அதற்காகவே பிள்ளையைத் தோட்ட வேலைக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு.

2015 செப்டம்பரில் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். தினக்கூலி அப்போது 232 ரூபாய். பங்குதாரர்களே கம்பெனிக்கு எதிராக மறியல். எந்த ஃபைனான்ஸ் புத்தகத்திலும் இதை நான் படித்ததில்லை.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். கயத்தாறு பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. தப்பியவர்களில் 8 குடும்பங்களுக்குக் குற்றியாரில் வீடு கிடைத்தது. தலைமுறைகளாக மலையில் இருந்தவர்களுக்குச் சொந்த வாசல் அப்படி வந்தது.

மாமா பி.எஃப். பணம் கைக்கு வந்ததும் முதலில் வாங்கியது மூணு சென்ட். இப்போது வந்திருப்பது அதற்கு அடுத்த மனை. வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்க மாமா என்றிருக்கிறேன்.