சாரலும் புள்ளியும்

தென்காசிப் பக்கத்து டூரிங் கொட்டகைகளில் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தேய்ந்த பிரதியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. திரையில் கீறல்கள் மேலிருந்து கீழாக ஓடும். 'மழை பெய்யுது' என்போம். ஆனி, ஆடியில் கொட்டகைக்கு வெளியே சாரல், உள்ளே இந்த மழை. போதாததற்கு ஒளி வேறு விட்டுவிட்டு நடுங்கும்.

நடுக்கத்துக்குச் சரித்திரம் உண்டு. ஆங்கிலேயன் சினிமாவுக்கே அதை வைத்து 'ஃப்ளிக்ஸ்' என்று பட்டப்பெயர் சூட்டினான். புரொஜெக்டரின் மூடி பிரேமுக்குப் பிரேம் மறைத்துத் திறப்பதால் வரும் இருட்டு அது. பேசும்படத்தில் ஒரே பிரேமை இரண்டு தடவை காட்டி, வினாடிக்கு 24 பிரேமை 48 வெளிச்சமாக்கினார்கள். நடுக்கத்தை யாரும் ஒழிக்கவில்லை. கண்ணுக்கு எட்டாத வேகத்துக்குத் துரத்தினார்கள், அவ்வளவுதான்.

சலனத்தை மெதுவாக்கும் வித்தை ஆஸ்திரியப் பாதிரியார் ஆகஸ்ட் முஸ்கருடையது. 1904ல் காப்புரிமை பெற்றார், பிறகு கட்டணம் கட்ட முடியாமல் அதை இழந்தார்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஏ.கே. செட்டியார். 'குமரி மலர்' ஆசிரியராகவே அவரை நம்மில் பலர் அறிவோம். உலகம் சுற்றிச் சேகரித்த 50,000 அடி பிலிமிலிருந்து காந்தி பற்றிய படத்தைத் தொகுத்து 1940ல் வெளியிட்டார். காந்தியைப் பற்றிய பழைய துண்டுகள் பல மௌனப்பட வேகத்தில், வினாடிக்கு ஏறக்குறைய 16 பிரேமில், எடுக்கப்பட்டவை. அவற்றை 24ல் ஓட்டினால் நடை ஒன்றரை மடங்காகிவிடும். ஒன்றுவிட்டு ஒரு பிரேமை இரண்டு முறை அச்சிட்டுச் சரிக்கட்டுவது அந்நாளைய வழக்கம். வேகம் தணியும், கால் தடுக்கும். இதில் எனக்கு ஒரு சந்தேகம் தீர்ந்ததில்லை. காந்தி நிஜமாகவே வேகமாக நடப்பவர். திரையில் தெரியும் வேகத்தில் அவருடையது எவ்வளவு, யந்திரத்தினுடையது எவ்வளவு?

இந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்தது. அண்ணன் காலமாவதற்கு முந்தைய சீசனில், குற்றாலம் பேரருவியில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததை அவர் பேரன் கைபேசியில் எடுத்திருந்தான். வினாடிக்கு 240 பிரேம்; ஓட்டுவது 30ல். எட்டு மடங்கு மெதுவாகிறது. நம் மின்சாரம் 50 சைக்கிள். அதில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நடுக்கம். துரத்தப்பட்டது வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. பிரேமுக்கு 1/240 வினாடி வெளிச்சம்கூடக் கிடைக்காததால் இருட்டெல்லாம் புள்ளி மொய்த்துக் கிடந்தது.

'சுத்தம் பண்ணித் தாரேன் சின்னத் தாத்தா' என்றான். நடுக்கத்தை எடுப்பது சுலபம்: ஒவ்வொரு பிரேமின் ஒளியையும் அக்கம்பக்கத்துப் பிரேம்களின் சராசரிக்குக் கொண்டுவர வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது மின்சாரத்தின் நடுக்கம், அண்ணனுடையதல்ல. புள்ளி விஷயம் வேறு. பல பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால், இடம் மாறி மாறி வரும் புள்ளிகள் தேய்கின்றன. நான்கு பிரேமுக்குப் பாதியாகின்றன. ஒரு பிரேமில் இருந்து அடுத்ததில் இல்லாதது எதுவோ அது அழுக்கு. யந்திரத்தின் சித்தாந்தம் இதுதான். அந்தக் கணக்கில் சாரலும் அழுக்கு. எந்தத் துளியும் அடுத்த பிரேமில் அதே இடத்தில் இருப்பதில்லையே.

முடிந்ததும் பார்த்தேன். பாறை துல்லியமாக இருந்தது. அருவி வெள்ளை வேட்டி மாதிரி தொங்கியது. அண்ணன் தலையைச் சிலுப்புகிறார், மீசையிலிருந்து ஒன்றும் சிதறவில்லை. முகம் மெழுகு.

பழைய பிலிமில் நிலைமை இன்னும் மோசம். அங்கே மணி என்பது பிம்பத்தின்மேல் படிந்த தூசியல்ல. வெள்ளி மணிகளேதான் பிம்பம். எல்லாவற்றையும் துடைத்தால் மிஞ்சுவது செல்லுலாய்ட். கைபேசியின் புள்ளிக்கு அந்த அந்தஸ்தை நான் தரமாட்டேன், அது வெளிச்சப் பஞ்சம் மட்டுமே. ஆனால் சாரலும் அதோடு போய்விடுகிறது.

இரண்டையும் வைத்துக்கொள்ள இடமில்லை என்றான் பையன். நடுக்கத்தை மட்டும் எடுத்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடச் சொன்னேன். அழித்தான். மறுவாரம் மதினி கேட்டாள்: 'அந்த இன்னொரு படம் எங்க? அதுலதான் அவுக முகம் தெளிவா இருந்துச்சு.'

திரும்பத் துடைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.