கொழும்புக் கோப்பையில் பர்மாவும் ஆடியது

தெற்காசியக் கால்பந்தைப் பற்றித் தேடினால் எல்லாக் கணக்கும் 1993-ல், லாகூரில்தான் தொடங்கும். சார்க் பெயரில் அன்று நடந்ததுதான் இன்றைய சாஃப் கோப்பை. 2023 வரை இந்தியா ஒன்பது தடவை ஜெயித்திருக்கிறது. சரிதான். ஆனா அதுக்கு நாற்பது வருஷம் முன்னாடியே அண்டை நாடுகளுக்குள் ஒரு கோப்பை இருந்தது. அதை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1952 மார்ச், கொழும்பு. இந்தியா, பாகிஸ்தான், சிலோன், பர்மா என்று நாலே அணிகள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் மோத வேண்டும். பிரிவினை நடந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. இந்தியா - பாகிஸ்தான் ஆட்டம் கோலே இல்லாமல் டிராவில் முடிந்தது. கடைசியில் புள்ளிகளும் சமம், கோப்பையை இருவருக்கும் பொதுவாகவே கொடுத்துவிட்டார்கள். இந்த இரண்டு நாடுகளும் கிரிக்கெட்டில் முதல் டெஸ்ட் ஆடியது அதே வருஷம் அக்டோபரில்தான். ஆக, கால்பந்து முந்திக்கொண்டது!

அப்புறம் 1953 ரங்கூன், 1954 கல்கத்தா, 1955 டாக்கா. மூன்றிலும் இந்தியாவுக்கே கோப்பை. அதோடு நின்றுபோனது.

எனக்கு இதில் சுவாரசியம், யார் அண்டை வீட்டுக்காரர் என்பதுதான். நாலு நாடும் பிரிட்டிஷ்காரனிடமிருந்து அப்போதுதான் விடுபட்டவை. 1937 வரை பர்மா இந்தியாவோடு சேர்ந்தே ஆளப்பட்டது. நம்ம பக்கத்து ஆட்களுக்கு ரங்கூன் பிழைக்கப் போகிற ஊர். கொழும்பும் அப்படித்தான்: திண்டுக்கல்லில் ரயிலேறினால் மதுரை, மானாமதுரை, தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். நேர்கோட்டில் அளந்தால் இங்கிருந்து சுமார் 430 கிலோமீட்டர்தான். டெல்லியெல்லாம் அப்புறம்.

1985-ல் சார்க் உருவானபோது பர்மா அதில் இல்லை. அதனால் கோப்பை திரும்பி வந்தபோதும் அவர்கள் இல்லை. நேபாளம், மாலத்தீவு, பூட்டான் எல்லாம் வந்தன. 1955-ல் டாக்கா பாகிஸ்தானின் சொந்த மைதானம். 2003-ல் அதே டாக்காவில் கோப்பையை வாங்கியது வங்கதேசம்.

பழைய நாலு போட்டிகளிலும் ஜெயிக்காத சிலோன், இலங்கை என்று பெயர் மாறிய பிறகு, 1995-ல் அதே கொழும்பில் இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் ஒரு கோல் போட்டு இந்தியாவை வீழ்த்தியது. அவர்களுக்கு இன்றுவரை அது ஒன்றுதான்.