தெளிந்த நீரும் தூய நீரும்

கலங்கிய நீரைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். தெளிந்த நீரைக் கண்டால் தயங்காமல் பருகுகிறோம். தெளிவும் தூய்மையும் ஒன்றே என்னும் எண்ணம் மனிதர் மனத்தில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அவை வேறு வேறு என்பதை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன். அவ்வறிவுக்கு மனிதகுலம் கொடுத்த விலை மிகப் பெரிது.

என் சிறுவயதில் ஆற்றில் புதுவெள்ளம் வரும்போதெல்லாம், என் பாட்டியார் மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து, அதில் நீரை ஊற்றி வைப்பார். சேறு அடியில் படியும். மேலே பளிங்கு போன்ற நீர் நிற்கும். இவ்வழக்கம் மிகப் பழைமையானது. கலித்தொகையிலேயே இஃது உவமையாக வருகிறது. மிதக்கும் நுண்துகள்களை ஒன்றுசேர்த்துக் கனமாக்கிப் படியச் செய்வதே இக்கொட்டையின் தொழில். அவற்றோடு கிருமிகள் சிலவும் படியும். ஆனால் எல்லாம் படிவதில்லை. பாட்டியார் அறிந்தது பாதி உண்மை. மறுபாதியை அறிய நாம் லண்டன் மாநகருக்குச் செல்லவேண்டும்.

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் அங்குள்ள பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவி, 600 பேருக்கு மேல் மாண்டனர். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று மருத்துவர் பலர் நம்பிய காலம் அது. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவரோ வீடு வீடாகச் சென்று விசாரித்தார். இறந்தோரில் பெரும்பாலோர் அத்தெருவின் கைப்பம்புக் கிணற்று நீரைப் பருகியவர்கள் என்று கண்டார். தொலைவில் ஹாம்ஸ்டெட் பகுதியில் வாழ்ந்த ஓர் அம்மையார், அந்நீரின் சுவையை விரும்பி நாள்தோறும் வண்டியில் வருவித்துப் பருகினார், அவரும் மாண்டார். அவர் வாழ்ந்த இடத்தில் அப்போது காலராவே இல்லை! நாவுக்கு இனித்த நீரே நஞ்சாயிற்று. செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது; எனினும் ஸ்னோவின் சான்றுகள் நிலைத்து நின்றன.

நீரில் இருந்த பகைவன் யார்? 1884இல் கல்கத்தாவில் ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக், காற்புள்ளி போல் வளைந்த கிருமியே காலராவை விளைவிப்பது என்று அறிவித்தார். மக்கள் குளிக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரிலும் அதனைக் கண்டார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1892இல், ஹாம்பர்க் நகரில் காலரா 8,000 பேருக்கு மேல் பலிகொண்டது. அதனை ஒட்டிய ஆல்டோனா நகரோ பெரும்பாலும் தப்பியது. இரு நகரங்களும் எல்ப் ஆற்று நீரையே பருகின. ஆல்டோனா பருகியது ஹாம்பர்க்கின் கழிவு கலந்த நீர். ஆயினும் ஆல்டோனா நீரை மணற்படுகையில் மெல்ல வடிகட்டிய பின்னரே வழங்கியது. எல்லையாக அமைந்த ஒரே தெருவின் ஒருபுறம் சாவு, மறுபுறம் வாழ்வு!

மணற்படுகை அமைப்பது நகராட்சியின் கடமை. வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? நீரைக் காய்ச்சுவதே. தெளியவைத்த நீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் காய்ந்தால் நோய்க்கிருமிகள் மடியும். உயர்ந்த மலைப்பகுதிகளில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால், அங்கு மூன்று நிமிடம் வேண்டும்.

ஆனால் விறகுக்கே வழியில்லாத ஏழை என் செய்வாள்? வங்காளதேசச் சிற்றூர்களில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தேடியது. அதன் முடிவு 2003இல் வெளியாயிற்று. பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குளத்து நீரை வடிகட்டிய ஊர்களில், காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அக்கிருமி நீரில் வாழும் சிற்றுயிர்களைப் பற்றிக்கொண்டிருக்கும். சேலை அச்சிற்றுயிர்களைத் தடுத்துவிடுகிறது. காய்ச்சுவதற்கு இஃது ஈடாகாது. ஒன்றும் இல்லாத இடத்தில் உயிர்காக்கும் துணை, அவ்வளவே.

மாணவ நண்பர்களே, காய்ச்சிய நீரும் கைபட்டால் கெடும். அதனை மூடிவையுங்கள், கையை விடாமல், பிடியுள்ள அகப்பையால் மொண்டு பருகுங்கள். பாட்டியாரின் தேற்றாங்கொட்டையைப் பழிக்கவேண்டா. அது தெளிவித்த நீரை அடுப்பில் ஏற்றுவது, பின்வந்த நாம் ஆற்றவேண்டிய கடமை.