இரும்புக்கரச் சிறுவனும் அவனை வரைந்த கைகளும்

1945ஆம் ஆண்டு யூன் மாதத்திலே அமெரிக்க விமானங்கள் ஒசாகா நகரின் மீது தீக்குண்டுகளைச் சொரிந்தபோது, அந்நகரத்து இராணுவத் தொழிற்சாலையொன்றில் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த பதினாறு வயது மாணவன் ஒருவன் காவற் கோபுரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் உயிர் தப்பினான். அவனைச் சுற்றியிருந்தோர் பலர் மாண்டனர். யப்பானியர் 'மங்கா' என வழங்கும் சித்திரக்கதைக்குப் புதிய பாதை வகுத்த தெஸுகா ஒசாமு அவரே. பின்னாளில் அவர் மருத்துவமும் பயின்றார். எனினும் அவர் வாழ்நாள் முழுவதும் வரைந்தவை அன்று கண்ட தீயின் சுவடுகளைக் கொண்டவை.

அவருடைய புகழ்பெற்ற படைப்பான 'இரும்புக்கர அட்டோம்' சிறுவர்க்குரிய விஞ்ஞானக் கதை. சிறுவர் கதைதானே என ஒதுக்கும் பண்டித மனப்பான்மையுடையோர் அதன் தோற்றத்தைச் சற்று நோக்குதல் நன்று. 1951 ஏப்பிரலில் 'ஷோனென்' என்னும் சஞ்சிகையிலே அட்டோம் முதன்முதலாகத் தோன்றினான். யப்பான் அப்பொழுது அந்நியப் படையின் ஆட்சியிலிருந்தது. உணவுப் பஞ்சத்தின் நினைவு மக்களை விட்டு அகலவில்லை. முதற் கதையிலே, தம் கோளை இழந்து வந்த மக்கள் பூமியில் தஞ்சமடைகின்றனர். அவர்கள் பூமியிலுள்ளோரின் பிரதிபிம்பங்கள். உணவு போதாமற் போகவே இரு சாராரும் பகைவராகின்றனர். இரு சாராரிலும் சேராத இயந்திரச் சிறுவன் சமாதானத் தூதனாகிறான். தன் தலையையே கழற்றி நல்லெண்ணத்தின் பிணையாகக் கொடுக்கிறான். இக்கதையின் பகைப்புலம் கற்பனை விண்வெளியன்று, பசித்த யப்பானே.

1952 ஏப்பிரல் தொடக்கம் 1968 வரை அவன் கதை தொடர்ந்து வெளிவந்தது. கார் விபத்தில் மகனை இழந்த விஞ்ஞானி தென்மா, அவனைப் போலவே ஓர் இயந்திரத்தை ஆக்குகிறார். இயந்திரம் வளரவில்லை. ஆத்திரங்கொண்ட தந்தை அதனைச் சர்க்கசுக் கம்பனிக்கு விற்றுவிடுகிறார்! நூறாயிரம் குதிரைவலு கொண்ட அட்டோம் அங்கே அடிமை. அவனைப் போன்ற இயந்திரங்கள் மனிதருக்காக உழைக்கின்றன, மனிதருக்குரிய உரிமை எதுவும் அவற்றுக்கில்லை. 1965இல் வெளிவந்த 'நீல வீரன்' கதையில் இயந்திரங்கள் மனிதரின் கொடுமை பொறாது தமக்கெனத் தனி நாடு அமைக்கின்றன. அதுவரை மனிதரின் காவலனாயிருந்த அட்டோமும் அவற்றின் பக்கம் சேர்கிறான். அடிமைப்பட்டோரின் பிரச்சினையைத் தெஸுகா தெளிந்த அரசியற் கோட்பாட்டுடன் அணுகினார் எனக் கூறுவதற்கில்லை. கருணையே அவருடைய அளவுகோல். ஆயினும் கருணையால் மட்டும் தீராத முரண்பாடு அது என்பதை அவர் கதைகளே காட்டிக்கொடுத்தன.

அட்டோம் என்ற பெயரும் சிந்தனைக்குரியது. அவன் உடலை இயக்குவது அணுசக்தி. தங்கையின் பெயர் உரான், தம்பியின் பெயர் கோபால்ட். 1954 மார்ச் 1ஆம் நாள் பிகினித் தீவில் வெடித்த அமெரிக்க ஐதரசன் குண்டின் சாம்பல் யப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது பொழிந்தது. மறு ஆண்டிலேயே அந்நாட்டு அரசு அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. 1957இல் தோக்காய் கிராமத்தில் முதல் அணுவுலை இயங்கியது. அச்சமும் மயக்கமும் ஒருங்கே நிறைந்த அவ்வாண்டுகளின் பிள்ளை அட்டோம். விஞ்ஞானத்தின் துதிபாடியாகத் தன் கதை கருதப்பட்டதைத் தெஸுகா முதுமையிலே வருத்தத்துடன் குறிப்பிட்டார்.

கதை திரைக்கு வந்த வரலாற்றிலேதான் நாம் நின்று நோக்கவேண்டிய செய்தி உள்ளது. 1959இல் நடிகரைக் கொண்டெடுத்த தொடர் அத்துணை முக்கியமானதன்று. தெஸுகா தொடங்கிய 'முஷி' நிறுவனம் 1963 சனவரி 1ஆம் நாள் முதல் வாரந்தோறும் அரைமணி நேரத் தொடராக அட்டோமை அசையும் சித்திரத்தில் வெளியிட்டது. இது நடவாத காரியமென்றே பலரும் எண்ணினர். திரையிலே செக்கனுக்கு 24 சட்டங்கள் ஓடவேண்டும். அவர்களோ ஒரே படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி எட்டுப் படங்களோடு ஒப்பேற்றினர். பேசும்போது வாய் மாத்திரம் அசைந்தது. ஒருமுறை வரைந்த படங்களை 'வங்கி'யில் சேமித்து மீண்டும் மீண்டும் எடுத்தாண்டனர். இவ்வளவு சிக்கனம் செய்தும் கலைஞர்கள் இரவு பகலாய் உழைத்தனர்.

ஓர் அங்கம் ஏறத்தாழ 550,000 யென்னுக்கு விற்கப்பட்டதென்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. ஆக்கச் செலவோ அதனினும் மிகுதி. குறைந்த தொகையைத் தெஸுகாவின் சித்திரக்கதை வருமானமும், அட்டோமின் உருவத்தைப் பொருட்களில் பொறிக்கக் கொடுத்த உரிமைப் பணமும், அமெரிக்க விற்பனையும் ஈடுசெய்தன. 'மெய்ஜி' கம்பனி தன் சொக்கிளேற்றுக்குள் அட்டோமின் ஒட்டுப்படம் வைத்து விற்றது. அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனத்தின் வழியாக, 'அஸ்ட்ரோ போய்' என்ற புதுப் பெயருடன் 104 அங்கங்கள் காட்டப்பட்டன.

அக்குறைந்த விலையே பின்வந்தோருக்கும் அளவாயிற்று. படத்துக்கு இவ்வளவு என்னும் துண்டுக் கூலி முறையும் வேரூன்றியது. 'தோயே' சித்திரப்படக் கூடத்துத் தொழிற்சங்கத்தில் முன்னின்றவரான மியாசாக்கி ஹயாவோ, 1989இல் தெஸுகா காலமானவேளை அஞ்சலிப் புகழாரங்களுக்கு நடுவே இக்குற்றத்தை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். இதனைத் தனியொருவரின் பிழையாகக் கொள்வது எமக்கு உடன்பாடன்று. மலிவாகக் கிடைத்ததை வாங்கி இலாபமீட்டிய ஒளிபரப்பு நிலையங்களும் விளம்பரதாரரும் யாருமறியாது மறைந்துகொண்டனர். முஷி நிறுவனம் 1973இல் முறிந்து போயிற்று. ஆனால், இயந்திர அடிமைக்காகக் குரல்கொடுத்த கதையே மனிதக் கைகளின் உழைப்பை மலிவாக்கிற்று என்ற உண்மையை மறைக்கவியலாது.

193 அங்கங்களின் பின், 1966 டிசெம்பர் 31இல் அட்டோம் பூமியைக் காக்கச் சூரியனுள் பாய்ந்து மறைந்தான். இரசிகர் விடவில்லை, 1980இலும் 2003இலும் புதிய தொடர்கள் வந்தன, 2009இல் ஆங்கிலப் படமும் வந்தது. இவற்றினும் குறிப்பிடத்தக்கது 1967 முதல் 1969 வரை 'சங்கேய்' நாளேட்டில் வெளிவந்த தொடர்கதை. அதிலே காலத்தைக் கடந்து வியத்நாம் சேரும் அட்டோம் அமெரிக்க விமானங்களினின்றும் ஒரு கிராமத்தைக் காக்கிறான். உராசாவா நவோக்கி 2003 தொடக்கம் வரைந்த 'புளூட்டோ'வும் பேரழிவு இயந்திரங்களைச் சாட்டாக வைத்து நடத்தப்பட்ட போரொன்றின் பின்விளைவையே கூறுகிறது. ஈராக் போரின் நிழலை அதில் எவரும் காணலாம். 2023இல் அது எட்டு அங்கங்களாகத் திரைக்கு வந்தது.

அட்டோம் பிறந்ததாகக் கதையிலே குறிக்கப்பட்ட நாள் 2003 ஏப்பிரல் 7. அந்நாளிலே தெஸுகாவின் கலைக்கூடம் அமைந்திருந்த நீசா நகரத்தின் நிர்வாகம், அவனைத் தன் வாசிகளுள் ஒருவனாகப் பதிந்து சான்றிதழ் வழங்கிற்று. யப்பானியச் சித்திரக் கூடங்களிலே இடைப்படங்களை வரையும் இளைஞர் அவ்வாண்டிலும் படத்துக்கு இவ்வளவு என எண்ணியே கூலி பெற்றனர்.